கதம்பக் கவசம்

வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள், திரையைப் பார்த்ததும் அவசரத்தில் வேறு யாருடைய கணக்கையோ திறந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். விளையாட்டின் நகரச் சதுக்கத்தில், நீரூற்றுக்குப் பக்கத்தில், தலை முதல் கால் வரை தங்க நிறத்தில் தகதகவென்று ஒருத்தி நின்றிருந்தாள். நெஞ்சில் சிங்க முகம். இரண்டு தோளிலும் சிங்க முகம். பூட்ஸ் நுனியில்கூடச் சிங்கம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மிதந்த பெயர் மட்டும் அவளுடையது: கதம்பம்.

அந்தப் பெயர் அவளோடு சேர்ந்து விளையாடும் குழுவில் இருப்பவர்கள் கேலியாக வைத்தது. அவளுக்குப் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டாள். விளையாட்டில் கவசம் ஐந்து துண்டாக வரும்; தலை, மார்பு, தோள், கை, கால். ஐந்தும் ஒரே வகையாக இருந்தால் அது செட். செட் போட்டால் கூடுதல் பலம் உண்டு. அதனால் எல்லோரும் செட்டுக்காக நாயாய் அலைவார்கள். அவள் அலையமாட்டாள். அவள் தலையில் இருந்தது சுரங்கத் தொழிலாளியின் தோல் தொப்பி, நெற்றியில் ஒரு சின்ன விளக்கோடு. மார்பில், மூழ்கிய கப்பலின் காவலர்கள் போடும் நீலக் கவசம்; ஓரமெல்லாம் சிப்பி ஒட்டியது. வலது தோளில் மட்டும் ஓர் எலும்புப் பட்டை, இடது தோள் சும்மா. கையில் கரி படிந்த கொல்லன் உறை. காலில் சேறு காயாத குதிரைக்காரன் பூட்ஸ். கேட்டால் கோமாளி வேஷம் மாதிரி இருக்கும். பார்த்தால் அப்படி இருக்காது. நீலமும் கரியும் எலும்பின் வெள்ளையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி அமைவதற்குள் எத்தனையோ துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தாள். அந்தக் கப்பலையே போன அப்டேட்டில் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அந்த நீலம் யாருக்கும் கிடைக்காது.

ஆஸ்பத்திரியில் அவள் வேலை செட்டுக்குச் செட் சேர்ப்பதுதான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கருவிகளைக் கழுவி, தட்டில் வரிசையாக அடுக்கி, பச்சைத் துணியில் கட்டி, கிருமி நீங்க நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். ஓர் இடுக்கி குறைந்தாலும் தட்டு வெளியே போகக்கூடாது. நாள் முழுக்கச் சேரவேண்டியதைச் சேர்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்து சேராததைச் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு ருசி.

"எப்படி இருக்கு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் கணவன் வாசற்படியில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். அந்த விளையாட்டில் அவர்கள் குழுவுக்கு லீடர். அவளுக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்ததும் அவன்தான், அதனால் பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியும்.

"இது என்னது?" என்றாள்.

"சிங்கச் செட்டு. முழு செட்டு. நம்ம சர்வர்ல நாலஞ்சு பேர்கிட்டதான் இருக்கும். உனக்காக எத்தனை நாளாச் சேத்தேன் தெரியுமா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு வாயைக் கட்டிட்டு இருந்தேன்."

"என்னோடது எங்க?"

"எது?"

"நான் போட்டிருந்தது."

"அதான் இது. சிங்கச் செட்டு அடிக்க உலோகம் நெறைய வேணும். கொஞ்சம் பத்தல. நீ போட்டிருந்தது, உன் பெட்டியில அடைச்சு வெச்சிருந்தது, எல்லாத்தையும் உலையில போட்டு உருக்கிட்டேன். தோலோ துணியோ, எதைப் போட்டாலும் அந்த உலை உலோகமாக் குடுக்கும்ல. கரெக்டாப் பத்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"குப்பைதானேம்மா."

அவள் திரையில் பெட்டியைத் திறந்தாள். வெறும் கட்டங்கள். கீழே தள்ளினாள், அங்கேயும் வெறும் கட்டங்கள். தொப்பிகள், ஒற்றைக் கையுறைகள், என்றாவது ஒருநாள் எதற்காவது பொருந்தும் என்று எடுத்து வைத்திருந்த கிழிந்த மேலங்கிகள், ஒன்றுகூட இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் விரல் மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியது.

"ஒரு தேங்க்ஸ்கூடக் கிடையாதா?" என்றான் அவன், சிரிப்பு குறையாமல்.

அவள் எழுந்து போய் டீயைத் தொட்டியில் கொட்டினாள். டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"அதுல ஏதாவது யாராவது குடுத்ததா? ஞாபகார்த்தமா வெச்சிருந்தியா? அப்படி இருந்தா சொல்லு, தெரியாமப் பண்ணிட்டேன்."

"யாரும் குடுக்கல. ஒரு ஞாபகமும் இல்ல. எனக்குப் புடிச்சிருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

அந்த 'அப்புறம் என்ன' அவள் காதில் சூடாக இறங்கியது. செத்துப்போன யாரோ கொடுத்தது, கண்ணீரோடு வாங்கி வைத்தது என்று ஏதாவது காரணம் காட்டினால்தான் அவள் பொருள் அவளுடையதாகும் போலிருக்கிறது. பிடித்திருந்தது என்பது போதாது.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அது சர்ப்ரைஸா?" என்றான். அவள் முகம் மாறாததைப் பார்த்து அவன் குரலும் மாறியது. "சரி, உள்ளதச் சொல்லட்டுமா? டீம்ல சிரிக்கிறாங்க. பழைய இரும்புக் கடை நடந்து வருதுன்னு பேசிக்கிறாங்க. நான் லீடர். என் பொண்டாட்டியே செட்டு போடலன்னா நான் மத்தவங்கள எந்த வாயால கேக்கறது?"

"அப்ப எனக்காகச் செய்யல."

"ரெண்டுக்குந்தான்."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை வரும் என்பதனால் இல்லை. அங்கேயே நின்றால் என்ன வார்த்தை வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் வேலையிடத்திலும் அந்தக் கோபம் அடங்கவில்லை. கத்தரிக்கோல்களை அவள் தட்டில் வைத்த சத்தத்துக்கு, எதிர் மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்த இன்சார்ஜ் அக்கா தலையைத் தூக்கினாள்.

"அந்தக் கத்தரிக்கோல் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"வீட்ல ஏதாவதா?"

என்ன சொல்வது? கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஒரு தொப்பியை வீட்டுக்காரர் உருக்கிவிட்டார் என்றா? அக்கா சிரிப்பாள். யார் கேட்டாலும் சிரிப்பார்கள். இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு அதை யாரிடமும் சொல்லமுடியாது என்பதே அவளுக்கு இன்னொரு கோபமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் மறுபடியும்.

அக்கா விடவில்லை. இந்த அக்காவோடு அவள் அதிகம் பேசியது கிடையாது. போன வருஷம் இன்சார்ஜ் பதவி காலியானபோது அது தனக்குத்தான் வரும் என்று அவள் நம்பியிருந்தாள். சீனியாரிட்டியில் அடுத்தது அவள்தான். மேலதிகாரியான பெரிய மேடம் அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். நம்மை யாரும் லாயக்கென்று நினைக்கவில்லை போல என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவள், அதன் பிறகு அக்காவிடம் தேவைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"சுமை ஜாஸ்தியா இருந்தா ஷிப்ட் மாத்தித் தரேன், சொல்லு" என்றாள் அக்கா. "நீ இந்தப் போஸ்ட் வேண்டாம்னு சொன்னப்பவே நெனைச்சேன். வீட்ல ஏதோ கஷ்டம்னு."

அவள் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

"நான் வேண்டாம்னு சொன்னேனா?"

"நீ இல்ல, உங்க வீட்டுக்காரர். பெரிய மேடம் உன் நம்பருக்குத்தான் பண்ணியிருக்காங்க. நீ குளிச்சிட்டு இருக்கேன்னு அவர் எடுத்திருக்காரு. அவளுக்கு அதெல்லாம் ஒத்துக்காதுங்க, டென்ஷன் ஆயிடுவா, வேற யாருக்காவது குடுங்கன்னு சொன்னாராம். மேடம் என்கிட்ட சொல்லித்தான் குடுத்தாங்க." அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தாள். தெரியாது என்று சொல்வது இன்னும் அவமானமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூடிய தட்டை மறுபடி பிரித்து, அடுக்கியது சரிதானா என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. துணியை மறுபடி கட்டினாள். ஒரு வருஷமாக இந்த அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழு கூடும் நேரம். விளையாட்டில் ஒரு பெரிய குகை, அதற்குள் ஓர் அரக்கன். எல்லோரும் சேர்ந்துதான் அடிக்கமுடியும். கேடயம் பிடித்து முன்னால் போவது அவள். வில்லோடு வருவது அவள் நாத்தனார், வேறு ஊரில் ஓர் அச்சகத்தில் டிசைனர். அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவது நிஜத்திலும் டாக்டர், பல் டாக்டர். இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோரும் ஹெட்போனில் பேசிக்கொள்வார்கள். கணவனும் அவளும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து மேஜையில்.

குகை வாசலில் ஒரு முகாம் உண்டு. கூடாரம், குதிரைத் தொட்டி, கொல்லனுடைய உலை. எல்லோரும் வந்து சேர்ந்ததும் பல் டாக்டர்தான் முதலில் பார்த்தார்.

"அடேயப்பா, கதம்பம். ராணி மாதிரி இருக்கீங்க."

"நம்ம கைவண்ணம்" என்றான் கணவன்.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். திரையில் சிங்கத்தலை மறைந்து, சாதாரண முடி தெரிந்தது. பிறகு தோள். பிறகு கையுறை.

"அண்ணி, ஏன் கழட்டறீங்க?" என்றாள் நாத்தனார்.

மார்பும் பூட்ஸும் போயின. விளையாட்டின் முதல் நாளில் கொடுப்பார்களே, சாக்குத் துணியில் ஒரு சட்டை, அதோடு கதம்பம் வெறுங்காலில் நின்றாள்.

"இதுதான் எனக்கு மிச்சம்" என்றாள் அவள். "என் பெட்டியில இருந்ததையெல்லாம் உங்க லீடர் என்கிட்ட கேக்காம உருக்கிட்டாரு. டீம்ல எல்லாரும் சிரிக்கிறீங்கன்னு சொன்னாரு. யாரு சிரிச்சது?"

ஹெட்போனில் யாருடைய வீட்டிலோ மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல அண்ணி" என்றாள் நாத்தனார். "அண்ணே, நிஜமாவே உருக்கிட்டியா?"

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒருநாள் இரும்புக் கடைன்னு நான்தான் சிரிச்சேன். ஒத்துக்கறேன். ஆனா உருக்கச் சொல்லல."

"சிரிச்சதுக்கு உங்ககிட்ட தனியாப் பேசறேன் டாக்டர். இப்ப உங்க முறை இல்ல."

"இங்க பாரு, இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் கணவன். "போட்டுக்கோ. எல்லாரும் நிக்கிறாங்க."

கதம்பம் சாக்குச் சட்டையோடு உலைப் பக்கம் நடந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, அவள் மவுஸின் மேல் கை வைத்தான்.

"கைய எடு" என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவனை 'நீங்க' என்றே கூப்பிட்டவள் அவள். அவன் அப்படிக் கூப்பிடு என்று சொல்லவில்லை. வாயில் அப்படி வந்தது, அப்படியே இருந்துவிட்டது. இப்போது இப்படி வந்தது. மைக் திறந்திருந்தது, குழுவில் எல்லோரும் கேட்டார்கள். அவன் கையை எடுத்தான்.

சிங்கத்தலை உலைக்குள் போனது. தோள் போனது. கையுறை, பூட்ஸ். ஒவ்வொன்றுக்கும் விளையாட்டு, 'உறுதியா?' என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் உறுதி என்று அழுத்தினாள். ஒரு துண்டு உருகும்போதெல்லாம் கொல்லன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவான். மார்புக்கவசம் போகும்போது பல் டாக்டர் தாங்கமுடியாமல், "அதையாவது வித்துடலாமே" என்று முனகினார். அவள் அதற்கும் உறுதி என்று அழுத்தினாள்.

அவன் தன் மேஜைக்குப் போய் மைக்கை அணைத்தான். திரும்பி வந்து அவளுடையதையும் அணைத்தான். முகம் சிவந்திருந்தது.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டே. ஒரு தொப்பிக்காக."

"தொப்பிய விடு. பெரிய மேடம் எனக்கு எப்ப ஃபோன் பண்ணாங்க?"

அவன் முதலில் புரியாதவன் போலப் பார்த்தான். பிறகு புரிந்தது. உட்கார்ந்தான்.

"அது... போன வருஷம். யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? பண்ணாங்களா இல்லியா?"

"பண்ணாங்க. நீ குளிச்சிட்டு இருந்தே. அந்தப் போஸ்டெல்லாம் வெறும் தலைவலி. ராத்திரி பகல்னு பாக்காம ஃபோன் வரும், ஒரு கருவி காணோம்னா உன் தலைய உருட்டுவாங்க. நீ ஏற்கெனவே களைச்சுப்போய் வர்றே. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சரின்னுடுவே. அதான் சொல்லல."

அதைச் சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. அதில் தப்பிருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"உன் டிரைவிங் ஸ்கூல் வண்டியில உன் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் பல்லிடுக்கில் நசுங்கி வந்தது. "அது கத்துக்க வர்றவங்களுக்கு. நான் உன்கிட்ட எதுவும் கத்துக்க வரல. ஒரு வருஷமா என்னை யாரும் மதிக்கலன்னு நெனைச்சு நெனைச்சுச் சுருங்கிப்போயிருக்கேன். உனக்குத் தெரியும் அது. நான் அழுதப்ப நீதான் முதுகத் தடவிக்கொடுத்தே. விடும்மா, அவங்களுக்குக் குடுத்துவெக்கலன்னு சொன்னே. ஞாபகம் இருக்கா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"அப்பக்கூட வாயைத் திறக்கல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நல்லதுக்கு என்ற வார்த்தை பாதி வெளியே வந்தது. அவள் பார்த்த பார்வையில் மீதி உள்ளேயே நின்றுவிட்டது. அவன் முன்னாலேயே அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். ஃபோனுடையதையும் மாற்றினாள். திரும்பி உட்கார்ந்துகொண்டு, மறைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் நேராகப் பெரிய மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், போன வருஷம் இன்சார்ஜ் போஸ்ட் வேண்டாம்னு நான் சொல்லல. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். "அதுக்கு இப்ப என்ன செய்யறது? போட்டாச்சு. உங்க வீட்டுக்காரர் சொன்னா, நீ சொன்ன மாதிரின்னுதானே நாங்க நெனைப்போம்?"

"வேலை என்னோடது மேடம். என்னைக் கேட்டிருக்கலாம். அடுத்த நாள் நான் இங்கதான் இருந்தேன், இதே கட்டடத்துல."

மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் எதுவானாலும் உன்னிடமே நேரில் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னாள், அதையும் ஏதோ சலுகை மாதிரி. வெளியே வந்து அவள் கதவைச் சாத்தியது கொஞ்சம் பலமாகவே இருந்தது.

மத்தியானம் சாப்பிடும் அறையில் அவள் தன் டப்பாவைக் கொண்டுபோய் இன்சார்ஜ் அக்காவுக்கு எதிரில் வைத்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் தெரியும்னு சொன்னது பொய். எனக்குத் தெரியாது."

அக்கா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "உன் மூஞ்சியப் பாத்தப்பவே நெனைச்சேன்" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு, "நான் வேணும்னா இந்தப் போஸ்ட் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"அய்யோ, வேண்டாம்க்கா. உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. இருந்துச்சு, இப்ப இல்ல."

அந்த வாரத்திலிருந்து அக்கா லீவு போடும் நாட்களில் பிரிவின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. காய் வாங்கணும், கேஸ் தீர்ந்துபோச்சு, அத்தை ஃபோன் பண்ணாங்க, எல்லாம் நடந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அவனை 'நீங்க' என்று சொல்லவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் ஃபோன் மேஜையில் கிடந்து அடித்தால், அவன் கை பாதி தூரம் போய் நின்றுவிடும். "உனக்கு ஃபோன்" என்று அடுத்த அறைக்குக் குரல் கொடுப்பான்.

அவன் குழுவிலிருந்து அவள் விலகிவிட்டாள். நாத்தனார் ஃபோன் பண்ணி, "அண்ணி, நீங்க இல்லாத எடத்துல எனக்கென்ன வேலை" என்று சொல்லிவிட்டு அவளும் விலகினாள். இரண்டு பேரும் சேர்ந்து, யாரும் போகாத, ஒன்றும் பெரிதாகக் கிடைக்காத மூலைகளாகப் பார்த்துச் சுற்றினார்கள். பல் டாக்டர் நீளமாக ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பினார். சிரித்தது போதும், இனி பார்த்துச் சிரியுங்கள் என்று அவள் பதில் போட்டாள்.

ஒரு சாயங்காலம் கணவன் தயங்கித் தயங்கி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். திரையில் கதம்பம் ஒரு காட்டின் விளிம்பில் நின்றிருந்தாள். தேன் எடுப்பவர்கள் போடும் வலைத் தொப்பி. மார்பில் மரப்பட்டை. கையில், சதுப்பு நில வேட்டைக்காரனுடைய பச்சை உறை. இன்னும் எதுவும் சரியாக அமையவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"நான் உருக்கினதெல்லாம் திரும்பச் சேத்துத் தரட்டுமா?" என்று கேட்டான். "கப்பல் கவசம் கிடைக்காது. மத்ததெல்லாம் தேடினாக் கிடைக்கும்."

"வேண்டாம். எனக்கு வேணும்னா நான் தேடிக்கறேன்."

"அந்தப் பச்சை உறைக்கு..." என்று ஆரம்பித்தவன், நிறுத்திக்கொண்டான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அங்கேயே நின்றான்.

"கோபம் இன்னும் போகலியா?"

"போகல."

"எப்பப் போகும்?"

"தெரியல. போனாச் சொல்றேன்."

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காத்திருந்த நாத்தனாரிடம், "வா, போலாம்" என்றாள்.